ஐப்பசிக் காய்ச்சலுக்கு சித்திரையிலேயே திட்டம்!

"ஏ ராசா... ஒன் கசாயம் கசக்கவே மாட்டேங்குதே!"

எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், எவர்சில்வர் டம்ளரை என் மேஜை மீது டக்கென்று வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை இது. 2012-ஆம் வருடம், ஐப்பசி மாதம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தமிழ்நாடு முழுக்க டெங்கு பயம். என் கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அந்த வருடம்தான் நிலவேம்புக் குடிநீர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக ஆனது.

நான் சிரித்துக்கொண்டே, "காய்ச்சல்ல நாக்கு மரத்துப் போயிருக்கும் பாட்டி" என்றேன். பாட்டி விடவில்லை. "காய்ச்சல் எம் பேரனுக்குல்லா! எனக்கு என்ன கேடு? பிள்ள முகம் சுளிக்காம மடக்கு மடக்குன்னு குடிக்கான். என்னடா இதுன்னு நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். சுக்குத் தண்ணி கணக்கால்லா இருக்கு!"

டம்ளரில் மிச்சமிருந்ததை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். பாட்டி சொன்னது நிஜம். சுக்கும் மிளகும் தெரிகின்றன. நிலவேம்பு எங்கே? 'கசப்புக்கே ராஜா' என்று நாங்கள் சொல்லும் மூலிகை அது. ஒரே ஒரு இலையைக் கடித்தால் அரை மணி நேரம் நாக்கு நம் பேச்சைக் கேட்காது.

பின்கட்டுக்குப் போய் மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். பாதிக்கு மேல் தடித்த குச்சி. வெடித்துப்போன காய்கள். இலை என்று பார்த்தால் கைப்பிடி கூடத் தேறாது. அதுவும் கறுத்து, பூசண வாடை அடித்தது. அனுப்பிய வெளியூர் மொத்த வியாபாரிக்கு போன் போட்டேன். "சீசன்ல இதுதான் சார் கிடைக்குது. வேணும்னா வெச்சுக்குங்க, வேணாட்டி திருப்பி அனுப்புங்க. இதையே வாங்க ஆளு வரிசையில நிக்குது" என்றார்.

கோபம் வந்தது. ராத்திரி படுத்த பிறகு கோபம் யார் மேல் என்று யோசித்தேன். அவர் செய்தது தப்புதான். ஆனால் நான் எப்போது ஆர்டர் கொடுத்தேன்? புரட்டாசிக் கடைசியில், காய்ச்சல் வந்து கதவைத் தட்டிய பிறகு! வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. கிடைத்த இடத்தில், கிடைத்ததை, பிரித்துக்கூடப் பார்க்காமல் இடித்துச் சலித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நோட்டைப் பார்த்து, அந்தச் சரக்கு போன வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி பொட்டலங்களைத் திரும்ப வாங்கினேன். பாட்டியின் பேரனை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தட்டணுக்கள் இறங்க ஆரம்பித்திருந்தன. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, நல்லபடியாகத் திரும்பி வந்தான். நல்ல சரக்கு கொடுத்திருந்தாலும் அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் 'மருந்து குடிக்கிறான்' என்ற நம்பிக்கையில் அந்தக் குடும்பம் இரண்டு நாட்களைக் கழித்துவிட்டதே... அந்த இரண்டு நாளுக்கு நான்தானே பொறுப்பு?

மருந்தைப் பற்றிப் பேசும்போது நாம் குணத்தைப் பேசுவோம், பத்தியத்தைப் பேசுவோம். அது எங்கிருந்து, எப்போது, யார் கை மாறி நம் கைக்கு வருகிறது என்று பேசுவதே இல்லை. 'சப்ளை செயின்' என்று மேனேஜ்மென்ட் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். அது லாரி கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நானும்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பாட்டிமார் போட்ட திட்டம்

உண்மையில் இது நம் வீட்டு சமாச்சாரம்தான். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். அப்போதே வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்பு தூவிப் பானையில் அடைத்து வைப்பார்கள். சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும். 'ஆடியில் மழைச்சாரல் வந்தால் எதுவும் காயாது' என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் எத்தனை பேர், வருடத்துக்கு எத்தனை கிலோ ஆகும், தீபாவளிக்கு எத்தனை விருந்தாளி வருவார்கள் என்பதெல்லாம் மனக்கணக்கு. பழைய புளி கீழே தங்கிவிடாமல், அது தீர்ந்த பிறகுதான் புதுப் பானையைத் தொடுவார்கள்.

எவ்வளவு தேவை, எப்போது விளையும், கைக்கு வர எத்தனை நாள், எத்தனை நாள் கெடாது. புளிக்கு இந்த நாலும் தெரிந்தால் போதும். மருந்துக்கும் இதே நாலுதான். என்ன வித்தியாசம் என்றால், புளி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாம்!

ஒன்பது சரக்கு, ஒன்பது காலண்டர்

நிலவேம்புக் குடிநீர் என்று பெயர்தான் ஒன்று. உள்ளே ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். எல்லாம் சம அளவு. ஒன்று இல்லையென்றாலும் அது நிலவேம்புக் குடிநீர் ஆகாது. இந்த ஒன்பதும் ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் விளைந்தால் கவலையே இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காலண்டர்!

நிலவேம்பை வைகாசியில் நாற்று விட்டு, ஆனி, ஆடியில் நடுவார்கள். நட்டு மூன்று, மூன்றரை மாதத்தில் பூக்க ஆரம்பிக்கும். அப்போது அறுத்தால்தான் இலையில் கசப்புச் சத்து நிறைந்திருக்கும். பூத்து, காய்த்து, இலை உதிர்ந்த பிறகு அறுத்தால் எடை நிற்கும், மருந்து நிற்காது. என் மூட்டையில் வந்தது அதுதான். இதில் ஒரு சங்கடத்தையும் கவனியுங்கள். அறுவடை வருவது புரட்டாசி, ஐப்பசியில். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வருவதும் அப்போதுதான். நிழலில் உலர்த்த வேண்டிய மூலிகையை மழையில் எப்படி உலர்த்துவது? சரியாக உலராத சரக்கை மூட்டை கட்டினால் நாலே நாளில் பூசணம். ஆகவே மழைக்கு முன்பே அறுத்து உலர்த்தி முடிக்க வேண்டும். அதற்கு முன்பே நட்டிருக்க வேண்டும். அதற்கும் முன்பே, 'இவ்வளவு வேண்டும்' என்று விவசாயிக்குச் சொல்லியிருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் சித்திரையில் வந்து நிற்கிறோம். ஐப்பசிக் காய்ச்சலுக்கு சித்திரையில் திட்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெட்டிவேர் இன்னும் பொறுமைசாலி. நட்டு ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்துத்தான் வேரைத் தோண்டுவார்கள். கடலூர் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் நன்றாக வருகிறது. இந்த ஐப்பசியில் என் கஷாயத்தில் மணக்கிற வெட்டிவேரை யாரோ ஒருவர் போன வருடத்துக்கு முன்பே நட்டிருக்கிறார்! சந்தனமோ, வைரம் பாய 15 வருடமாவது ஆகும். மரத்தை வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும். விலாமிச்சு வேர் காட்டில் தேடினால் கிடைக்காது; பயிரிட்டால்தான் உண்டு. பயிரிடுகிற ஊர்களும் கொஞ்சம்தான். மிளகு மார்கழியிலிருந்து மாசி வரை பறிக்கிற சரக்கு. சுக்குக்கு, இஞ்சி எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருந்து முற்ற வேண்டும். கோரைக்கிழங்கு மட்டும் பாவம், யாரும் விதைக்காமலேயே வயலில் முளைத்து விவசாயியிடம் திட்டு வாங்குகிறது.

எது தட்டுப்படுகிறதோ அங்கேதான் கலப்படம் நுழையும். விலாமிச்சு வேர் கிடைக்காவிட்டால் 'ரெண்டும் வேர்தானே' என்று வெட்டிவேரையே இரண்டு பங்காகப் போடுவார்கள். சந்தனத்துக்குப் பதில் வாசனை ஏற்றிய வேறு மரத்தூள். மிளகில் பப்பாளி விதை எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. பற்படாகம் என்ற பெயரிலேயே இரண்டு மூன்று செடிகள் கடைகளில் உலவுகின்றன. எங்கள் சித்த மருத்துவத்தில் சொல்வது ஒன்று, வடக்கே அந்தப் பெயரில் விற்பது வேறொன்று. அவசரத்தில் வாங்குகிறவன் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பானா? எடை போட்டு வாங்கிக்கொண்டு ஓடுவான். நான் ஓடினேனே!

சித்தர்கள் வைத்த காலக்கெடு

பாளையங்கோட்டை கல்லூரியில் நான் படித்த எண்பதுகளில், குணபாடம் வகுப்பில் மருந்துகளின் ஆயுளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். இலேகியத்துக்கு ஆறு மாதம். எண்ணெய், மாத்திரைக்கு ஒரு வருடம். செந்தூரத்துக்கு 75 வருடம், பற்பத்துக்கு 100 வருடம். பரீட்சைக்காக உருப்போட்டோம், மார்க் வாங்கினோம், மறந்தோம்.

அந்தப் பட்டியல் ஸ்டாக் வைக்கிற கணக்கு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது! மூன்று மணி நேரத்தில் கெடுகிற குடிநீரை முன்கூட்டியே காய்ச்சி வைக்க முடியாது. ஆகவே சரக்கைத்தான் இருப்பு வைக்க வேண்டும். இடித்துப் பொடியாக்கிவிட்டால் கெடு மூன்று மாதமாகச் சுருங்கிவிடும். ஆகவே வருடம் முழுமைக்கும் மொத்தமாக இடிக்கக் கூடாது. முழுச் சரக்காகக் காற்றாட வைத்திருந்து, மூன்று மாதத் தேவைக்கு மட்டும் இடிக்க வேண்டும். எதை எந்த நிலையில் நிறுத்தி வைப்பது என்பதுதான் இன்றைய பெரிய கம்பெனிகளுக்கும் தலைவலியான கேள்வி.

ஒரு எச்சரிக்கை. 'செந்தூரம் 75 வருஷம் கெடாது' என்று படித்துவிட்டு, தாத்தா பெட்டியில் இருந்த பழைய பொட்டலத்தை எடுத்து யாரும் சாப்பிட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சுத்தி செய்தார்கள் என்று தெரியாத செந்தூரமும் பற்பமும் ஆபத்து. இன்று சித்த மருந்துகளுக்கும் தயாரித்த தேதி, காலாவதி தேதி அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சாட்டையின் நுனி

சரி, காய்ச்சல் சீசனில் ஏன் திடீரென்று எல்லாமே மாயமாகிறது? காய்ச்சல்காரர்கள் இரண்டு பங்கு ஆனார்கள் என்றால் சரக்குத் தேவையும் இரண்டு பங்குதானே ஆக வேண்டும்?

ஆகாது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு பாக்கெட் வாங்குவார்கள். கடைக்காரர் பார்க்கிறார்: வியாபாரம் இரண்டு பங்கு! தீர்ந்துவிடப் போகிறதே என்று நாலு பங்கு ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி எட்டு பங்கு கேட்கிறார். தயாரிக்கிற இடத்தில் பதினாறு பங்கு சரக்குக்கு அலைகிறார்கள். சாட்டையைச் சொடுக்கிப் பாருங்கள். கைப்பக்கம் சின்ன அசைவுதான், நுனியில் பளீரென்று அடி விழும். அந்த நுனியில் இருப்பவர் மலையில் மூலிகை பறிக்கிறவர். 'எதுவானாலும் பறிச்சிட்டு வா' என்று அவருக்குத் தகவல் போகும். முற்றாத செடியும் வரும், முற்றிப்போன செடியும் வரும். வேர் மருந்து என்றால் செடியே போயிற்று, அடுத்த வருடத்துக்கு விதைக்கும் மிஞ்சாது. இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் ஓய்ந்ததும், கடையெல்லாம் விற்காத பாக்கெட் குவிந்து கிடக்கும். மலைக்காரரிடம் வாங்க ஆளிருக்காது.

அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி குழந்தைகளின் டயப்பர் வியாபாரத்தில் இதே கூத்தைக் கவனித்தது. உலகத்தில் குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. ஆனால் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்குகிறது! இதை வைத்து மேனேஜ்மென்ட் பேராசிரியர்கள் 1990-களில் கட்டுரை எழுதினார்கள். இதற்கு வழங்கும் பெயரிலும் சாட்டைதான் வருகிறது.

2020-ல் நாம் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்தோம். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. லாரி ஓடவில்லை. அதே சமயத்தில் ஊரெல்லாம் கபசுரக் குடிநீர் கேட்டது. அதில் 15 சரக்கு. ஆடாதோடை, சீந்தில், கற்பூரவள்ளி போன்றவை நம் ஊரிலேயே கிடைக்கும். அக்கரகாரம்? அதன் பூர்வீகம் வட ஆப்பிரிக்கா பக்கம். கோஷ்டம் இமயமலைச் சரக்கு. அழிவின் விளிம்புக்குப் போனதால் சர்வதேச வியாபாரத்துக்கே கடும் கட்டுப்பாடு இருக்கிறது. கிராம்பு கன்னியாகுமரி மலைகளில் விளைகிறது என்றாலும் போதாது, வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டும். இந்தப் பதினைந்தும் ஒரே உரலில் சேர்ந்தால்தான் குடிநீர். பதினாலு கைவசம் இருந்து ஒன்று வழியில் மாட்டிக்கொண்டாலும் உரல் நின்றுவிடும். அப்போது அது இல்லாமலேயே இடித்து, பதினைந்தும் இருப்பதாக லேபிள் ஒட்டியவர்கள் இருந்தார்கள். ஊரடங்குக்கு முன் இருப்பு வைத்திருந்தவர்களோ நிம்மதியாக மருந்து கொடுத்தார்கள். நான் அந்தத் தடவை பாதி நிம்மதி. என்னிடம் சிறுகாஞ்சொறி வேர் ஏப்ரல் மத்தியிலேயே தீர்ந்துவிட்டது. 'இருப்பு இல்லை' என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டேன். சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். மாட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பாஸ்புக் செய்த வேலை

திட்டமிட்டால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு அரசு 'தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளையெல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது அதன் வேலை. மாவட்டங்களில் கிடங்கு. வருகிற ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். எந்தக் கிடங்கில் எந்த மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் தெரியும். ஒரு கிடங்கில் தீர்ந்தால் இன்னொன்றிலிருந்து மாற்றுவார்கள். கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரி கழகங்களை ஆரம்பித்தன.

என்னைக் கவர்ந்தது கம்ப்யூட்டரோ டெண்டரோ அல்ல. பரிசோதனை முடிகிற நாட்களையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே வாங்குகிறார்களே, அதுதான். 'டெஸ்ட் பண்ண நேரமில்லை' என்று சொல்கிற நிலை வந்துவிட்டால் திட்டம் தோற்றது என்று அர்த்தம்.

என் நோட்டுக் கணக்கு

2013 சித்திரையிலிருந்து நானும் ஒரு நோட்டுப் போட்டேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. பெரியவர் ஒருவருக்கு வேளைக்கு 5 கிராம் குடிநீர்ப் பொடி. 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்றவைப்பது. காலை, மாலை என்று நாளைக்கு 10 கிராம். ஐந்து நாளைக்கு 50 கிராம். காய்ச்சல் சீசனில் 500 பேர் வருவார்கள் என்று வைத்தால் 25 கிலோ பொடி. ஒன்பது சரக்குக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மண், தூசு, குச்சி கழித்தால் குறையும் என்பதால் மூன்றரை கிலோ. எதிர்பாராத கூட்டத்துக்கு இன்னும் ஒரு கிலோ. ஆக, சரக்குக்கு நாலரை கிலோ. இவ்வளவுதான் கணக்கு! இதைப் போடாமல்தான் அந்த வருடம் அவ்வளவு அவமானப்பட்டேன்.

நிலவேம்புக்கு மட்டும் பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் சித்திரையிலேயே சொல்லி வைக்கிறேன். கால்வாசிப் பணம் முன்பணம். முதல் வருடம் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "காய்ச்சல் வராட்டி வாங்காம போயிருவீங்களே சார்?" என்றார். நியாயமான கேள்வி. காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன எடையை வாங்குவேன் என்று எழுதியே கொடுத்தேன். 2014-ல் காய்ச்சல்காரர்கள் குறைவு. ஒரு பங்கு சரக்கு மிஞ்சிப் போய்க் குப்பைக்குப் போனது. மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை! ஆனால் 2017-ல் மறுபடி டெங்கு வந்தபோது, அந்த விவசாயி வெளியாள் கூடுதல் விலை கேட்டும் கொடுக்காமல் எனக்கு எடுத்து வைத்திருந்தார். குப்பைக்குப் போன சரக்கின் விலை அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது.

மூட்டை வந்ததும் பிரித்து, ஒரு இலையை வாயில் போட்டு மெல்லுவது இப்போது கட்டாயம். கம்பவுண்டர் பையனுக்கும் இந்தத் தண்டனை உண்டு.

உங்கள் வீட்டு அலமாரி

இதெல்லாம் வைத்தியர் பாடு, எங்களுக்கு என்ன என்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன கிடங்கு இருக்கிறது. பிரிட்ஜ் மேலே பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் மாத்திரை அட்டைகள்.

2020 ஊரடங்கில் எங்கள் தெருவில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பையனுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் கடையில் இல்லை. "ரெண்டு நாள்ல வந்துரும், அதுவரைக்கும் பொறுத்துக்கலாம்" என்று வீட்டில் நினைத்தார்கள். நாலாவது நாள் பாத்ரூமில் வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் தையல். வருடக்கணக்கில் வராமலிருந்த வலிப்பு! என்னிடம் முன்னாலேயே கேட்டிருந்தால், பக்கத்து ஊர் கடைக்கு நானே போன் செய்திருப்பேன். வலிப்பு, ரத்தக்கொதிப்பு, இதயம், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கான மருந்துகளை ஒரு நாள்கூட இடைவெளி விடக் கூடாது. சித்த மருத்துவன் இதைச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாத்திரைகளையும் சாப்பிடுகிறவர்கள்தான்.

புளிக் கணக்கையே இங்கேயும் போடுங்கள். தினம் எத்தனை மாத்திரை, கையில் எத்தனை, கடைக்கு வந்து சேர எத்தனை நாள்? பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். மழைக் காலத்துக்கு முன்பு மட்டும் பதினைந்து இருபது நாள் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் மறந்திருக்காது. பழைய அட்டை முன்னால், புதிய அட்டை பின்னால். டாக்டர் சீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து டப்பாவிலேயே வையுங்கள். சீட்டு இல்லாமல் அவசரத்தில் கடைக்காரர் கொடுக்கும் 'அதே மாதிரி' மாத்திரை அதே மாதிரி இருக்காது.

இன்சுலின் போடுகிறவர்கள், பிரிக்காத மருந்தை பிரிட்ஜில் வையுங்கள், ஆனால் ப்ரீஸரில் அல்ல. உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். பல நாள் கரண்ட் போனால், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். நம் ஊர் ஏற்பாடுதான், நன்றாகவே குளிர்ச்சி நிற்கும்.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாத்திய சோர்வு இவற்றில் எது வந்தாலும் கஷாயத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான் டெங்கு ஆபத்து அதிகம்.

"அப்படீன்னா டாக்டர், ஒரு கிலோ வாங்கி வீட்ல வெச்சிடட்டுமா?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வேண்டாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 100 கிராம் போதும். அதையும் புரட்டாசியில் வாங்குங்கள், பாக்கெட்டில் தேதி பாருங்கள், மார்கழி தாண்டினால் கொட்டிவிடுங்கள். காய்ச்சியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்கவில்லை என்றால், அந்தப் பாட்டியைப் போல டம்ளரோடு வந்து வைத்தியரிடம் கேளுங்கள்.